செருமிட்டு வந்தா என்ன

உக்காருங்க, உக்காருங்க. பெஞ்சு தாராளமாப் பத்தும். இங்க எக்ஸ்ரேக்குப் பேரைக் குடுத்துட்டா அவ்வளவுதானுங்க, கூப்புடறப்பக் கூப்புடுவாங்க. அவசரப்பட்டு ஆகப்போறது ஒண்ணுமில்ல. இப்பக் கையில கட்டோட எந்திரிச்சுப் போச்சே, அது யாருங்க, தம்பிங்களா? கூடப் பொறந்ததா. மொகச்சாடை அப்பிடியே இருக்குது, அதான் கேட்டனுங்க. டீ குடிக்கப் போயிருக்குதாக்கும். டீக்கடை முன்னால கேட்டுல இருக்குது. அது பொறகால பக்கம் போனாப்பல இருந்துச்சு. சரி, அதுக்கென்ன, காத்தாடப் போயிட்டு வரட்டும். கைதான ஒடைஞ்சிருக்குது.

நான் காங்கேயத்துக்குப் பக்கமுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. கொஞ்சம் வெள்ளாமை, ஒரு தேங்காய்க் களம். என்ற மருமகன் நவநீதன் உள்ள இருக்கறான், காலுக்குப் படம் எடுத்துட்டு இருக்கறாங்க. இன்னைக்குப் படம் பாத்துட்டுத்தான் முடிவாம். எலும்பு ஒட்ட ஆரம்பிச்சிருந்தாத் தப்பிச்சோம். இல்லைன்னா இடுப்புல இருந்து எலும்பைச் செதுக்கி எடுத்துக் காலுல வெச்சு மறுக்காவும் ஆபரேசன். எனக்குக் கையும் காலும் ஓடலீங்க. நாந்தான் சக்கர வண்டியில வெச்சு உள்ள தள்ளிட்டுப் போயிருக்கோணும். ஆனா அந்தப் புள்ள தள்ளிட்டுப் போயிருச்சு. கட்டிக்கப் போற பொண்ணு உள்ள, தாய்மாமன் வெளிய பெஞ்சுல. காலம் அப்பிடி ஆயிப்போச்சு.

உங்களப் பாத்தா நாலு ஞாயம் தெரிஞ்சவராட்ட இருக்கறீங்க. அதனால உங்ககிட்டச் சொல்றன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்புன்னு.

நவநீதன் என்ற அக்கா பையனுங்க. அவன் நடை பழகறதுக்குள்ள அவங்கப்பன் போய்ச் சேந்துட்டாரு. காது குத்துனதுல இருந்து காலேஜுல சேத்துனது வரைக்கும் நாந்தான். எனக்கு ஆம்பளப் பையன் இல்லைங்கற கொறையே அவனால தெரியல. பையன் தங்கமுங்க. என்ற முன்னால கால் மேல கால் போட மாட்டான். நான் நின்னா உக்கார மாட்டான். அந்த வெசயம் இருக்குதே, அதான், பொகை, அதை ஒரு நாள் என்ற கண்ணு முன்னால தொட்டதில்ல. எனக்குப் பழக்கம் உண்டுங்க, ஒளிக்கறதுக்கில்ல. என்ற சட்டைப் பையில எப்பவும் ஒரு பாக்கெட்டு இருக்கும். ஆனா அவன் அந்தப் பையைக்கூடப் பாக்க மாட்டான்.

களத்துக்குப் பொறகால மட்டை அடுக்கி வெச்சிருக்கற பக்கமா நின்னுட்டு இருப்பான். நான் அந்த மூலை திரும்பறதுக்கு முன்னாலயே ஒரு செருமல் செருமுவன். நல்லா சத்தமா. அக்கட்டால செருப்பைத் தேய்க்கற சத்தம் கேக்கும். நான் சித்த நேரம் வேட்டியை இறுக்கிக் கட்டற மாதர நின்னுட்டு, அப்பறம் போவன். போனா அவன் தென்னை மரத்துல காய் எத்தனைன்னு பாத்துட்டு நிப்பான். தலைக்கு மேல கொஞ்சம் மூட்டமா இருக்கும். நான் மேல பாக்க மாட்டனுங்க. பெரியவங்க பாக்கப்படாது. அவன் ஒளிச்சு எனக்கு மரியாதை குடுக்கறான், நான் செருமி அவனுக்கு மரியாதை குடுக்கறன். அவன் மீசை முளைச்ச நாள்ல இருந்து இந்த மரியாதை எங்களுக்குள்ள ஒரு நாளும் கொறஞ்சதில்ல.

உங்க தம்பிக்கு அந்தப் பழக்கம் உண்டுங்களா? இல்லையா. நீங்க பாத்ததில்ல. அது செரி. பாக்காத வரைக்கும் இல்லதானுங்க.

நவநீதனுக்கு வெள்ளகோயில்ல பொண்ணு அமைஞ்சுது. கோகிலவாணின்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரு. தெச்சு வர்ற பனியன்ல பொத்தலு, கறை, நூல் விட்டது எல்லாம் கண்டுபுடிச்சு ஓரமா எடுத்துப் போடற வேலை. அதைக் கேட்ட அன்னைக்கே நான் ரோசிச்சிருக்கோணும். பொண்ணோட அப்பா சென்னியப்பன் நல்ல மனுசன். என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயிக் கேட்டாரு, பையனுக்குப் பழக்க வழக்கம் ஏதாச்சும் உண்டுங்களான்னு. நான் நெஞ்சுல கை வெச்சுச் சொன்னனுங்க, என்ற கண்ணால ஒண்ணும் பாத்ததில்லைன்னு. சாமி சத்தியமா அது நெசம். அவரு கையைப் புடிச்சுட்டாரு. சித்தரையில நிச்சயம் ஆச்சு. ஆவணியில கண்ணாலம்னு நாள் குறிச்சாச்சு.

வைகாசி முடியல, இவன் பைக்குல வர்றப்ப குறுக்க ஒரு நாய் பாய்ஞ்சிருச்சு. பாலத்துக் கட்டையில மோதி, மொழங்காலுக்குக் கீழ எலும்பு ரெண்டாப் போயி, தோலும் கிழிஞ்சுபோச்சு. இங்க கொண்டாந்து சேத்தனுங்க. டாக்டரம்மா உள்ள கம்பி வெச்சு, தோலை இழுத்துத் தெச்சு விட்டாங்க. நெம்பச் சின்ன வயசு. கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் இல்லைங்கல. ஆனா இடம் பொருள் ஏவல் தெரியாத பொம்பளைங்க.

ஏன்னு கேளுங்க. சேத்துன அன்னைக்கே கட்டிலுக்குப் பக்கம் வந்து நின்னு, பீடி சிகரெட் பழக்கம் உண்டான்னு கேக்கறாங்க. எப்ப? சென்னியப்பன் ஒரு பக்கம், பொண்ணோட சித்தப்பன் ஒரு பக்கம், பொண்ணோட அம்மா கால்மாட்டுல ஆப்பிள் பையோட நிக்கறாங்க. சம்பந்தி ஊட்டு சனத்தை வெச்சுட்டுக் கேக்கற கேள்விங்களா இது? நவநீதன் என்ற மொகத்தைப் பாத்தான். வாயைத் தொறந்தான். பாவம், வலியில இருக்கறவன் என்னத்தையாச்சும் ஒளறிப்போடுவான்னு நானே முந்திக்கிட்டனுங்க. அதெல்லாம் கெடையாதுங்க டாக்டர், வளத்தவன் நானு, ஒரு நாள் பாத்ததில்லைன்னு சொன்னன். அந்தம்மா விடல. இருந்தாச் சொல்லிருங்க, கூச்சப்படாதீங்க, பொகை புடிச்சா ரத்தக் குழாய் சுருங்கும், புண்ணு ஆறாது, எலும்பு ஒட்டாதுன்னாங்க. நான் சிரிச்சுட்டன். சென்னியப்பனும் சிரிச்சாரு. டாக்டரம்மா சிரிக்கல.

நீங்களே சொல்லுங்க. வாய் எங்க இருக்குது, காலு எங்க இருக்குது? பொகை போறது நெஞ்சுக்கு. அங்க இருந்து அது எந்த வழியா மொழங்காலுக்குக் கீழ போகும்? மூக்கு வழியா வெளிய போறதை நாம கண்ணாலயே பாக்கறம்.

அப்பறம் நான் செஞ்ச செலவு இருக்குதே, அதை நான் சொல்லப்படாது. தெனமும் ஆட்டுக்கால் சூப்பு. நாட்டுக்கோழி முட்டை. என்ற சம்சாரம் பெரண்டை பறிச்சு, கையெல்லாம் நமைக்க நமைக்கத் துவையல் அரைச்சுக் குடுத்துவிட்டா. எங்கக்கா மூணு கோயில்ல வேண்டுதல் வெச்சுது. எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டம். இவ்வளவுக்கும் அந்தப் புண்ணு ஆறலீங்க. தையல் பிரிச்ச எடத்துல ஓரமெல்லாம் கறுத்துப்போயி, ஊன் தண்ணி கசிஞ்சுட்டே இருக்குது. படம் எடுத்துப் பாத்தா எலும்புக்கு நடுவுல அன்னைக்கு இருந்த கோடு அப்பிடியே இருக்குது. ஒரு பொட்டு வளரல.

பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவரு இருந்தாருங்க. பேரன் பேத்தி எடுத்தவரு. மரத்துல இருந்து விழுந்து அதே எலும்பு, அதே எடத்துல ஒடைஞ்சுது. ஊட்டுல இருந்து ரசஞ்சோறு வரும், அதைத்தான் சாப்பிடுவாரு. அவரு குச்சியை ஊணிட்டு எழுந்து நடக்கறாரு, என்ற மருமகன் படுத்த படுக்கையா இருக்கறான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்தாளுக்கு ஒசந்த கம்பி போட்டிருப்பாங்கன்னு நெனைச்சன். நர்சம்மாகிட்டக் கேட்டா ரெண்டும் ஒரே கம்பிதானாம். வெத்தல பாக்குகூடப் போட மாட்டாருங்க அந்தாளு. ஒரு சொகமும் தெரியாத மனுசன். அவருக்குப் போயி எலும்பு ஒட்டுது.

நவநீதன் படுத்தே கெடந்தா மனசு ஒடைஞ்சு போயிருமல்லங்க. அதுக்கோசரம் நானே வண்டியில உக்கார வெச்சுக் காலையில, சாப்பாட்டுக்கு மேல, சாங்காலம்னு காத்தாடக் கூட்டிட்டுப் போவன். பொறகால ஜெனரேட்டர் ரூமுக்கு அக்கட்டால ஒரு வேப்பமரம் இருக்குது. நல்ல நெழல். அங்க நிறுத்திட்டு, நான் போயி டீ குடிச்சுட்டு வாரன்னு சொல்லிட்டு இந்தப் பக்கம் வந்துருவன். போறப்ப என்ற சட்டைப் பையில இருக்கற பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் வண்டிக்குப் பொறகால தொங்குற பையில போட்டுட்டுப் போவன். எனக்கு மறதி எச்சுங்க. திரும்பி வர்றப்ப ஜெனரேட்டர் ரூம் மூலையில ஒரு செருமல். வண்டிச் சக்கரம் அசையற சத்தம் கேக்கும். போனா அவன் வேப்பமரத்தைப் பாத்துட்டு இருப்பான். பாக்கெட்டுல கொறஞ்சிருக்கும். எலி தின்னிருக்கும்னு நெனைச்சுக்குவன். ஆஸ்பத்திரியில எலி இல்லாம இருக்குமுங்களா.

இருங்க. இது செருமல் இல்லீங்க, இருமல். தானா வர்றது. கொஞ்ச நாளா இருக்குது. காத்து ஒத்துக்கல.

ஆவணி போச்சு. கண்ணாலத்தைத் தள்ளி ஐப்பசிக்கு வெச்சம். ஐப்பசியும் போச்சு. ஊருல நாலு பேரு நாலு விதமாப் பேச ஆரம்பிச்சாங்க. நான் சோசியரைப் போயிப் பாத்தன். அவரு ரெண்டு சாதகத்தையும் வெச்சுப் பாத்துட்டு உச்சுக் கொட்டுனாரு. நான் வாயைத் தொறந்து, பொண்ணு ராசியா இருக்குமோன்னு கேட்டன். அதுக்கும் உச்சுக் கொட்டுனாரு. எனக்கு வெளங்கிருச்சு. பேசி முடிச்ச மறு மாசமே அடிபட்டிருக்குது, எத்தனை வைத்தியம் பண்ணியும் ஒட்டலைன்னா வேற என்னங்க காரணம்? நான் யாருகிட்டயும் சொல்லல. எங்கக்காகிட்டச் சொன்னன். மளிகைக் கடையில ஒருத்தரு கேட்டாரு, அவருகிட்டச் சொன்னன். ஒறம்பர, சொந்தக்காரங்க ஊட்டு விசேசத்துல பந்தியில பக்கத்துல உக்காந்தவங்க கேட்டாங்க. கேக்கறவங்ககிட்டப் பதில் சொல்லாம இருந்தா மரியாதை இல்லீங்களே.

அது எப்பிடியோ வெள்ளகோயிலுக்குப் போயிருச்சு. சென்னியப்பன் போன் பண்ணி அழுதாரு. ஒரு ஆம்பள அழுதா எனக்குத் தாங்காதுங்க. இவ மூத்தவ, அடுத்து இன்னொரு பொண்ணு இருக்குது, ராசி கெட்ட பொண்ணுன்னு பேரு வந்துட்டா ரெண்டு பேருக்கும் வரன் வராதுன்னாரு. நான் என்னங்க பண்ணட்டும்? உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, ராசி மேலதான் வருத்தம்னு ஆறுதல் சொல்லி வெச்சன்.

அவரு போன் பண்ணுனதுக்கு மக்யா நாளு சாங்காலம். நான் நவநீதனை வேப்பமரத்தடியில நிறுத்திட்டு, செவுத்துக்கு இக்கட்டால நின்னு டீ குடிச்சுட்டு இருக்கறன். அந்தப் புள்ள வருது. தனியா வருது. கம்பெனியில இருந்து நேரா வந்திருக்கும் போல, கழுத்துல அட்டை தொங்குது. என்னைப் பாத்துத் தலையாட்டுச்சு. நான் சித்த இரு அம்மிணின்னு சொல்ல வாயெடுக்கறன், வாயில டீ. அதுக்குள்ள அது மூலையைத் திரும்பிப் போயிருச்சுங்க. ஒரு செருமல் இல்ல. ஒரு இருமல் இல்ல. காலுல சத்தமில்லாத ரப்பர் செருப்பு. ஒரு ஆம்பள தனியா இருக்கற எடத்துக்குப் போறப்ப, க்கும்னு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போனா என்னங்க? வளத்த நானே இத்தனை வருசம் குடுத்திருக்கறன். நேத்து நிச்சயம் பண்ணுன புள்ளைக்கு அது தெரிய வேண்டாமா? இதுதானுங்க என்ற கொறை. மத்ததெல்லாம் அப்பறம்.

நான் ஓடிப் போனன். அவன் வாயில இருக்குது. கீழ போடக்கூட இல்ல, கை அப்பிடியே நின்னுபோச்சு. அந்தப் புள்ள அவனைப் பாத்துச்சு, அவன் காலைப் பாத்துச்சு, வண்டிப் பையில எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த என்ற பாக்கெட்டைப் பாத்துச்சு. செக்கிங் வேலையல்லங்க. அப்பறம் என்ற பக்கம் திரும்பி, சத்தம் போடாமத்தான் கேட்டுச்சு.

"இதைத்தான் என்ற ராசின்னு ஊரெல்லாஞ் சொன்னீங்களா மாமா?"

எனக்கு அப்பிடியே மேலெல்லாம் கூசிப்போச்சு. பெரியவங்ககிட்டப் பேசற பேச்சுங்களா அது?

நேரா டாக்டரம்மாகிட்டப் போயிருச்சு. என்னைக் கூப்புட்டு விட்டாங்க. கேட்டப்ப இல்லைன்னீங்களேன்னாங்க. நான் பாத்ததில்லைன்னுதானுங்க சொன்னன்னு சொன்னன். இப்பவாச்சும் பாத்தீங்களான்னாங்க. இப்பவும் நானாப் பாக்கலீங்க, அந்தப் புள்ள பாத்துச்சு, அது பாக்கறதை நான் பாத்தன்னு சொன்னன். உள்ளதைச் சொல்லோணுமல்லங்க. டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சாங்க. அப்பறம் எனக்கு என்ன தொழில்னு கேட்டாங்க. வெள்ளாமை, வாய்க்கால் பாசனம், எங்குளுது கடைமடை, வாய்க்கால் முடியற எடம்னு சொன்னன்.

அது போதுமுங்க, புடிச்சுட்டாங்க. மேல எவனாவது மடையை அடைச்சா உங்க காட்டுக்குத் தண்ணி வருமான்னு கேட்டாங்க. வராதுன்னன். ஒடம்புக்குக் காலுதான் கடைமடை, ரத்தந்தான் தண்ணி, ஒவ்வொரு சிகரெட்டும் மேல மடையை அடைக்குது, போறதாவது நல்லதாப் போகுதான்னா அதுவுமில்ல, பொகையும் கலந்து போகுது, காயற பயிருக்குச் சூப்பை ஊத்தி என்ன பிரயோசனம்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கடைமடைக்குத் தண்ணி விடுன்னு கலெக்டர் ஆபீசு முன்னால பாயைப் போட்டு உக்காந்தவன் நானு. மேமடைக்காரன் மோட்டார் வெச்சு உறியறான்னு ராத்திரியெல்லாம் காவல் இருந்தவன் நானு. எனக்கே மடையைப் பத்திச் சொல்லித் தர்றாங்க.

ஆபரேசன் கேட்டன். பணம் கட்டறன், மறுக்காப் பண்ணுங்கன்னு சொன்னன். ஆறு வாரம் சுத்தமாப் பொகையை விட்டாத்தான் கத்தியைத் தொடுவன், அதுக்குள்ள தானா ஒட்டுதான்னும் பாக்கலாம், இல்லைன்னா வெட்டுன எடமும் ஆறாது, கடைசில காலையே எடுக்க வேண்டி வந்தாலும் வரும்னு சொல்லிட்டாங்க. பாத்தீங்களா? அந்தப் புள்ள வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்திருந்தா ஆபரேசன் அப்பவே முடிஞ்சிருக்கும்.

எங்க எல்லாத்துக்கும் ஒரு பயம், அது கண்ணாலத்தை வேண்டாம்னு சொல்லிப்போடுமோன்னு. எங்கக்கா கையைப் புடிச்சுட்டு அழுவுது. நவநீதன் தலையைக் குனிஞ்சுட்டு, உனக்கு வேண்டாம்னா சொல்லிரு, நான் தப்பா நெனைக்க மாட்டேன்னு சொன்னான். அந்தப் புள்ள அவனுக்குச் சொன்னதை நான் வார்டு வாசல்ல நின்னு கேட்டனுங்க. செருமறதுக்கு மறந்துட்டன்.

"நான் இப்பப் போனா, ராசி கெட்டவ போயிட்டா, இனி ஒட்டிக்கும்பாங்க. ஒட்டலைன்னா அதுவும் நாந்தான்பாங்க. என்ற பேரு உங்க காலுல கெடக்குது. முதல்ல அதை எடுத்துக் குடுங்க. அப்பறம் இருக்கறதா போறதான்னு நான் சொல்றேன்."

இதுல எங்கயாச்சும் அன்பா ஒரு வார்த்தை இருக்குதுங்களா? ஆனா என்ற மருமகன் அழுதான். அவங்கப்பன் செத்தப்பக்கூட அழத் தெரியாத வயசு. நான் பாத்து அவன் அழுதது அன்னைக்குத்தான்.

அதுல இருந்து விட்டுட்டானுங்க. பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ராவெல்லாம் தூக்கமில்ல. சோத்தைத் தள்ளி வெப்பான். நர்சம்மா மேல எரிஞ்சு விழுவான், அப்பறம் மன்னிச்சுக்குங்கம்பான். டாக்டரம்மா என்னமோ மாத்திரை குடுத்தாங்க, மெல்லறதுக்கு ஒண்ணு குடுத்தாங்க. அந்தப் புள்ள ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பஸ் புடிச்சு வந்து ஏலக்காய், சோம்புன்னு பொட்டலம் கட்டிக் குடுத்துட்டு, அரட்டிப்போட்டுப் போகும். எனக்கு மனசு கேக்குமுங்களா? வளத்த கையல்லங்க இது. பழையபடி வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனன். பழையபடி பையில பாக்கெட்டை மறந்து வெச்சன். டீ குடிச்சுட்டு வந்து மூலையில செருமுனன். சக்கரம் அசையற சத்தம் கேக்கல.

போனா, பாக்கெட்டு அவன் மடியில இருக்குது. பிரிக்கல. அதை எங்கிட்ட நீட்டுனான். அவன் கை எனக்கு நேரா நீண்டு நான் பாத்ததில்லீங்க. எப்பவும் முதுகுக்குப் பொறகாலதான் இருக்கும். கண்ணை நேராப் பாத்துச் சொன்னான்.

"இனிமே செருமாம வாங்க மாமா."

அவ்வளவுதான். கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தாத் தேவலாமுங்க, நானும் நாலு வார்த்தை பேசியிருப்பன். பத்திரமா இருக்கட்டும்னு நான் குடுத்த செருமலுங்க அது. மூலைக்கு இக்கட்டால நான் நிக்கறப்ப, அக்கட்டால அவன் இருக்கறான்னு எனக்குத் தெரியும், நான் வந்துட்டன்னு அவனுக்குத் தெரியும். வேற என்னத்தைங்க நாங்க பேசிக்கிட்டம் இத்தனை வருசமா? இப்ப அவன் கட்டில் பக்கம் போறதுன்னாலே எனக்கு எப்பிடிப் போறதுன்னு தெரியல. செருமல் தொண்டையில வந்து நிக்குது, முழுங்கிக்கறன். கண்ணுல தண்ணி வந்துருது. போயி நின்னா வாங்க மாமாங்கறான். அப்பறம் என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல, அவனுக்கும் தெரியல.

ஆனா ஒண்ணுங்க, சொல்லோணும். அதுக்கப்பறம் புண்ணு காய ஆரம்பிச்சிருச்சு. கறுத்த ஓரம் உதுந்து உள்ள செவப்பா ஊன் ஏறுது. எல்லாரும் அந்தப் புள்ளையால, பொகையை விட்டதாலன்னு சொல்றாங்க. நெசத்துல என்னன்னா, அந்தச் சமயத்துலதான் நான் நர்சம்மாகிட்டக் கெஞ்சிக் கட்டிலைத் திருப்பிப் போட்டன். அதுவரைக்கும் வடக்கால தலை வெச்சுப் படுத்திருந்தான். வடக்க தலை வெச்சா எந்தப் புண்ணுங்க ஆறும்? அதை யாரும் பேச மாட்டீங்கறாங்க.

அதா, கதவு தொறக்குது. வந்துட்டாங்க. அந்தப் புள்ள மொகத்தைப் பாத்து ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாதுங்க, எப்பவும் அப்பிடித்தான் இருக்கும். என்ன அம்மிணி? என்ன சொன்னாங்க?

ஒட்டுதா? ஆபரேசன் வேண்டாம்னே சொல்லிட்டாங்களா? எங்க, படத்தைக் காட்டு. வெளிச்சத்துக்குப் புடிச்சுக் காட்டு சாமி. இதாக்கும். கோட்டைச் சுத்தி வெள்ளையாப் பொகையாட்டத் தெரியுதே, அதுதான் புது எலும்பா. இத்தனை நாள் பொகையே ஆகாதுன்னாங்க, இப்பப் படத்துல பொகையாட்ட இருக்குதுன்னா ரெண்டு பேரும் சிரிக்கறாங்க, பாருங்க. ஏய் நவநி, அழுவாதடா. நான் அழுவல. எனக்கு இருமல். நீ தள்ளிட்டுப் போ அம்மிணி, நான் வாரன். உங்கப்பனுக்குப் போன் பண்ணு. இல்ல, நானே பண்றன். ராசி நல்ல ராசின்னு நானே சொல்றன். தையில நாள் பாக்கச் சொல்லிரலாம். நீ சொல்லுவியா? சரி. நீயே சொல்லு. இருக்கறதா போறதான்னு நீதான சொல்றன்னு சொன்ன.

போயிட்டாங்க. அந்தப் புள்ள சிரிச்சுட்டே போச்சுங்க. சொல்லல, ஆனா சிரிச்சுட்டே போச்சு. அது சிரிச்சு இன்னைக்குத்தான் பாக்கறன்.

நான் நாளைக்கே கட்டில் வெசயத்தை டாக்டரம்மாகிட்டச் சொல்லிரோணும். மத்த நோயாளிகளுக்கும் உதவியா இருக்கும்.

உங்க தம்பி பேரைக் கூப்புடறாங்களாட்ட இருக்குது. ஆமாங்க, அதே பேருதான். இன்னும் வரலையே. முன்னால டீக்கடையில இருக்காதுங்க. பொறகால போங்க. ஜெனரேட்டர் ரூம் இருக்கும், அதுக்கு அக்கட்டால வேப்பமரம். அங்கதான் நிக்கும். கையெலும்பாக்கும், நெம்பச் சின்ன வயசு வேற. போங்க, சீக்கரம் கூட்டிட்டு வாங்க. அந்த மூலை திரும்பறப்ப மட்டும் ஒரு செருமல் குடுத்துட்டு...

சித்த நில்லுங்க.

செருமாமயே போங்க.